சருகுக்குக் கொள்ளி வச்ச மாப்ளே

வாங்க மாப்ளே. என்ன, கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு? ஓ, விடியுமுன்னே வேப்பஞ்சருகைக் கூட்டிக் குவிச்சு நீங்களே கொள்ளி வச்சாச்சா. நல்லது. ராஜபாளையத்துல கொசுவெல்லாம் உங்க வீட்டுப் புகைக்குப் பயந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிருச்சாம்.

அங்கிட்டு கத்திரிச் செடியைப் பாருங்க. மத்தியானமானா குடிகாரன் மாதிரி தலை தொங்கிப் போகுது. நீங்களும் குடம் குடமா ஊத்துறீக. மண்ணு அம்மணமா வெயில்ல கெடந்தா ஊத்துன தண்ணி நிக்குமா? சித்திரை வெயில்ல சட்டையில்லாம மொட்டை மாடியில ஒரு மணி நேரம் படுத்துப் பாருங்க, தெரியும்.

நம்மாழ்வார் ஊரூராப் போயி, மண்ணைச் சருகால மூடுற மூடாக்கு போடச் சொன்னாரு. உடனே கன்னத்துல போட்டுக்காதீக, நான் சொல்றது இயற்கை விவசாயம் சொன்ன பச்சைத் துண்டுக்காரரை. 2013ல காலமானாரே, அவரு. நெசமான ஆழ்வாரும் சும்மாயில்ல. பெரியாழ்வாரு நந்தவனம் வச்ச ஊரு ஸ்ரீவில்லிபுத்தூரு. துளசியடியில அவருக்கு ஆண்டாளே கெடைச்சா. உங்க துளசியடியில நேத்து நான் பாத்தது ரெண்டு பால்கோவா கவரு.

சருகை நாலு விரக்கடை கனத்துக்குப் பரப்புங்க. பத்து நாள் கழிச்சு விரலை உள்ள விட்டா மேல சுடும், அடியில குளுகுளுன்னு ஈரம், மண்புழு நெளியும். களையும் வெளிச்சமில்லாமச் சோந்து போகும். ஆனா தண்டை ஒட்டிப் போட்டுறாதீக, அழுகிப் போகும். வீட்டுச் சுவத்தையும் ஒட்டாதீக, கறையானுக்கு நீங்களே பந்தி வச்சது மாதிரி. பச்சைப் புல்லைக் குமிச்சா வெந்து நாறும், காயப்போட்டுப் பரப்புங்க. மாவிலைக்குத் தோலு கெட்டி, நொறுக்கித்தான் போடணும். தேங்கா மட்டையக் குப்புறக் கவுத்துங்க. மல்லாத்தினா தண்ணி தேங்கி, பஸ் ஏறிப் போன கொசுவெல்லாம் திரும்பி வந்துரும். கோரையைக் கெழங்கோட பிடுங்கிப் போட்டீகன்னா அதுக்குப் பேரு மூடாக்கு இல்ல, நடவு.

கொளுத்தினது போக மிச்சத்தை மூட்டை கட்டி வாசல்ல வைப்பீகளே, குப்பை வண்டிக்காரரு தவறாம எடுத்துட்டுப் போறாருன்னு வீட்டம்மாகிட்ட பெருமையாச் சொன்னீகளாமே. அந்த வண்டிக்காரன் நான்தான் மாப்ளே, மூணு மாசமா. போன வாரம் குடுத்து விட்டேனே கத்திரிக்கா, ருசி எப்படி?