ஒரு வாசலில் மட்டும் இடைப்புள்ளி வைப்பது எப்படி?

ஐஐடியில் ஆராய்ச்சி, மயிலாப்பூரில் ஜாகை என்றிருக்கும் பிள்ளைகளுக்கான வழிகாட்டி இது. உங்களிடம் விரிசல் விட்ட உலோகத் தகடு ஒன்று இருக்கிறது, கம்ப்யூட்டருக்குள். அழுத்தமெல்லாம் விரிசல் நுனியில்தான் குவியும். அங்கே கட்டங்கள் பொடிசாக வேண்டும். மற்ற இடத்துக்குப் பெரிய கட்டமே போதும்.

முதல் வேலையாக, மார்கழிக் காலையில் வடக்கு மாட வீதிக்குப் போங்கள். கோலம் போடும் மாமி, மயிலின் கண் வரும் இடத்தில் மட்டும் புள்ளிகளை நெருக்கி வைப்பார். பக்கத்து வீட்டில் போய் அனுமதி கேட்க மாட்டார். வழக்கமான பி-ஸ்பிளைன் (துண்டு துண்டான பல்லுறுப்புச் சார்பு) வலைக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஓரிடத்தில் கோடு சேர்த்தால் அது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடும். ஒரு மயில் கண்ணுக்காகத் தெரு முழுக்க இடைப்புள்ளி. (கோலம் என்றதும் சிரிக்க வேண்டாம். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974லேயே அதற்குக் கணித இலக்கணம் எழுதிவிட்டார்கள்.)

விரிசல் மூலைவிட்டமாக ஓடினால் உங்களுக்குச் சனி தசை. 100க்கு 100 வலையில் அந்த மூலைவிட்டத்தை மட்டும் பொடிக்கப் போய், 10,000 கட்டம் 40,000 ஆகிவிடும்.

இதற்கு மருந்தாக, செடர்பெர்க் குழுவின் டி-ஸ்பிளைன் 2003லேயே வந்தது. நான் சிபாரிசு செய்வது டோக்கன், லீக்கே, பெட்டர்சன் 2013இல் சொன்ன வழி: கோட்டைப் பாதியில் நிறுத்தலாம். ஆனால் கண்ட இடத்தில் நிறுத்தக் கூடாது. ஏதாவதொரு பி-ஸ்பிளைனின் ஆட்சி எல்லையை அது முழுசாக வெட்டியாக வேண்டும். இருபடி என்றால் குறைந்தது மூன்று கட்ட நீளம், முப்படி என்றால் நான்கு. இருபடியில் நம் மூலைவிட்டக் கணக்கு 10,894 கட்டங்களில் முடிந்துவிடும்.

வெட்டியதும் பழைய சார்பு இரண்டாகும். உடனே டீ குடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். புதுசுகளின் எல்லை சின்னது. பெரியதை வெட்ட நீளம் போதாமல் கிடந்த பழைய கோடு ஏதாவது இப்போது இவற்றை வெட்டக்கூடும். வெட்டினால் அதையும் பிரியுங்கள், மறுபடி பாருங்கள்.

கோடுகள் ஒரே இடத்தில் நெரிந்தால், ஒரு சார்பை மற்றவற்றின் கூட்டாகவே எழுதிவிடும்படி ஆகலாம். அப்படி ஆனால் சமன்பாடுகளின் அணிக்கு நேர்மாறு கிடைக்காது. இதைக் கம்ப்யூட்டர் வழக்கமாக இரவு இரண்டு மணிக்குத்தான் சொல்லும். ஆகவே சார்புகளின் எண்ணிக்கையும் ஸ்பிளைன் வெளியின் பரிமாணமும் ஒன்றா என்று சாயங்காலமே எண்ணிவிடுங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, மொத்தமாகப் பொடித்தால் என்ன என்று கைடு கேட்பார். முப்பரிமாணத்தில் அதே கணக்கைப் போட்டு, சர்வரில் உங்கள் முறை வரும் தேதியையும் பக்கத்திலேயே எழுதி நீட்டுங்கள்.