சம்பந்திகள் குடியிருக்கும் வீடு

குடும்ப விசாவில் போகிற ஆண்பிள்ளைக்கு எங்கள் பக்கத்தில் இன்னும் சரியான மரியாதை ஏற்படவில்லை. "மாப்பிள்ளைக்கு ஜெர்மனியில என்ன வேலை?" என்று ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் கேட்டவர்களிடம், "அவளுக்குத்தான் வேலை. நான் கூடப் போறேன்" என்று உள்ளதைச் சொன்னேன். கேட்டவர்கள் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு, "அதனாலென்ன, நல்லபடியா போயிட்டு வாங்க" என்றார்கள். அந்த 'அதனாலென்ன' எனக்குள் ஒரு வீம்பைக் கிளப்பிவிட்டது. சம்பாதிப்பது அவளாக இருக்கட்டும், காகித வேலைகளையாவது நான் ஒண்டியாக முடித்துக் காட்டுவது, எதற்கும் அவளைக் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த வீம்புதான் மூலகாரணம்.

சறுக்கல் விமானம் ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஜெர்மனியில் இருக்கிற கணவனிடமோ மனைவியிடமோ போய்ச் சேருகிறவர், ஏ1 என்கிற அடிப்படை ஜெர்மன் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்பது 2007இல் வந்த விதி. இதற்காகச் சென்னையில் கோதே இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்து, அந்த மொழியின் ஆண்பால் பெண்பாலோடு மல்லுக்கட்டுகிறவர்கள் ஏராளம். ஆனால், உயர்தகுதி வேலைக்கு வருகிறவர்களுக்குத் தரும் புளூ கார்டு வைத்திருப்பவரின் துணைக்கு விலக்கு உண்டு. என் மனைவியிடம் இருப்பது புளூ கார்டு. "நமக்குப் பரீட்சையே கிடையாதாம்" என்று சொந்தக்காரர் வீடுகளிலெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். விலக்கு பரீட்சைக்குத்தான், கவுண்டருக்கு முன்னால் நிற்பதற்கு இல்லை என்பது அங்கே போய் நின்றபோதுதான் உறைத்தது.

அடுத்த தப்புக் கணக்கு விசாவைப் பற்றியது. பாஸ்போர்ட்டில் அது ஒட்டப்பட்டதுமே காரியம் முடிந்தது என்று நினைத்துவிட்டேன். அந்த விசா உள்ளே நுழைவதற்கும் சில மாதம் தங்குவதற்கும்தான். போனதும் இரண்டு வாரத்துக்குள், வீட்டு உரிமையாளர் கையெழுத்துப் போட்ட படிவத்தோடு போய் முகவரியைப் பதிய வேண்டும். அங்குள்ள நம்மவர்கள் இதை 'ஆன்மெல்டுங்' என்றுதான் தமிழுக்கு நடுவிலும் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு விசா முடிவதற்குள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். "ஏங்க, அப்ளிகேஷன் அனுப்பிட்டீங்களா?" என்று மனைவி கேட்கும்போதெல்லாம், "அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்றேன். அது போகப் போகிறது என்பதற்கும் போய்விட்டது என்பதற்கும் பொதுவான பதில்.

முகவரிப் பதிவிலேயே வம்சம் குழம்பியது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? என் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயர் இருக்கிறது. மனைவியுடையதில் அவளுடைய அப்பா பெயர். பதிவு செய்த அம்மா மரியாதையாக, 'ஹெர்' போட்டு என் அப்பா பெயரைச் சொல்லி அழைத்தார். பெற்ற அப்பனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லாத நான் ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன். அப்பாவோ அந்நேரம் ஊரில் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அடுத்து மனைவியை 'ஃபிராவ்' போட்டு மாமனார் பெயரால் அழைத்தார். ஆக, அந்த நகரத்துப் பதிவேட்டின்படி கணவன் மனைவியாகக் குடித்தனம் நடத்துவது என் அப்பாவும் என் மாமனாரும். கல்யாணத்தில் பந்தி பரிமாறிய விஷயத்தில் மனஸ்தாபம் வந்து, இன்றைக்கும் முகம் கொடுத்துப் பேசாத சம்பந்திகள் அவர்கள்.

பெர்மிட் அலுவலகத்துக்கு முன்கூட்டி நேரம் வாங்க வேண்டும். 'டெர்மின்' என்பார்கள். ஒருவழியாக ஒன்று கிடைத்தது. தாலுகா ஆபீசில் காலையிலேயே போய் இடம் பிடித்துப் பழகியவன் நான். கதவு திறக்கும் முன்பே போய் நின்றேன். உள்ளே இருந்தவர் என் தாளைப் பார்த்து, குறித்த நேரத்துக்கு வரச் சொல்லி அனுப்பினார். இன்னும் வேண்டிய நேரம் இருக்கிறதே என்று டீ குடிக்கப் போனேன். அந்த ஊரில் டீ என்பது ஒரு டம்ளர் வெந்நீரும் நூல் கட்டிய ஒரு பொட்டலமும். அதை எப்போது வெளியே எடுப்பது என்று யோசித்துக் குடித்து முடித்துத் திரும்பியபோது என் நேரம் தாண்டியிருந்தது. எல்லோருக்கும் முன்னால் போனவன் தாமதமாக வந்ததற்காகத் திருப்பி அனுப்பப்பட்டேன். வீட்டில் வந்து, "ஆபீசர் லீவு" என்று சொன்னேன்.

மறுபடி நேரம் கிடைத்துப் போனபோது கனமான ஃபைலோடு போனேன். எல்லாச் சான்றிதழுக்கும் ஜெராக்ஸ்; ஒவ்வொன்றிலும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பச்சை மையில் போட்டுத்தந்த கையெழுத்து. அந்த அதிகாரி அம்மா பச்சை மையை ரசித்துப் பார்த்துவிட்டு, "ஒரிஜினல்?" என்றார். தொலைந்துவிடக் கூடாதே என்று ஒரிஜினல்களை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு வந்திருந்தேன். நல்ல வேளை, வீடு பக்கம்.

அடுத்தது போட்டோ. ஜெயங்கொண்டத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்துக் கத்தையாகக் கொண்டுபோயிருந்தேன். ஸ்டூடியோத் தம்பி கம்ப்யூட்டரில் என் முகத்தை இரண்டு மூன்று தலைமுறைக்கு வெளுப்பாக்கி, இடது கன்னத்து மருவையும் எடுத்துவிட்டு, "டச்சப் பண்ணிட்டேன்ணே, மாப்பிள்ளைக் களை வந்துடுச்சு" என்று கொடுத்தது. அதிகாரி போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார். மறுபடி என் கன்னத்தைப் பார்த்தார். 35க்கு 45 மில்லிமீட்டர் என்ற அளவு சரியாகத்தான் இருந்தது, ஆள்தான் வேறு. கீழே இருந்த இயந்திரத்தில் போய் எடுத்து வரச் சொன்னார். அது மருவோடும் உண்மை நிறத்தோடும், தேடப்படுகிற ஆள்போல ஒரு படத்தைத் துப்பியது. அதை உடனே ஏற்றுக்கொண்டார். இது சில ஆண்டுகளுக்கு முந்தைய கதை. 2025 மே 1 முதல் அங்கே அச்சுப் போட்டோவே செல்லாது. அலுவலகத்திலேயே எடுக்க வேண்டும், அல்லது அனுமதி பெற்ற ஸ்டூடியோவிலிருந்து டிஜிட்டலாகப் போக வேண்டும். ஜெயங்கொண்டத்துக் களைக்கு இனி வழியே இல்லை.

இவ்வளவோடு விட்டிருக்கலாம். கேட்காத காகிதத்தை நீட்டுகிற புத்தி ஒன்று எனக்கு உண்டு. பாஸ்போர்ட்டும் திருமணச் சான்றிதழும் போதும் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பிறப்புச் சான்றிதழையும் எடுத்து வைத்தேன். பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் திருச்சி. பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில் கங்கைகொண்ட சோழபுரம், உடையார்பாளையம் தாலுகா, திருச்சிராப்பள்ளி மாவட்டம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெரம்பலூர் மாவட்டம். திருமணச் சான்றிதழில் அரியலூர் மாவட்டம். "நீங்கள் பிறந்தது எங்கே?" என்றார்.

நான் நகரவே இல்லை, மாவட்டம்தான் நகர்ந்துகொண்டே இருந்தது என்பதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கப் புறப்பட்டேன். 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001 ஜனவரி 1இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002 மார்ச் கடைசியில் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்ந்தது. 2007 நவம்பர் 23இல் மறுபடி தனி மாவட்டமானது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அத்தோடு நிற்காமல், ஊர்ப் பெருமையைச் சொன்னால் மனம் இளகும் என்று ராஜேந்திர சோழனையும் இழுத்து வந்தேன். கங்கை வரை படை போனது, அந்த வெற்றிக்காக ஒரு தலைநகரம் எழுந்தது, இரண்டரை நூற்றாண்டுக்கும் மேல் அது சோழர் தலைநகராக இருந்தது, கடாரம் வரை கப்பல் போனது, கோயிலை 2004இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கியது எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அவ்வளவு பெரிய ஊர் என்றால் பாஸ்போர்ட்டில் ஏன் அதை எழுதவில்லை?"

பதில் எனக்குத் தெரியும், சொல்லத்தான் வாய் வரவில்லை. பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நிரப்பிய பிரவுசிங் சென்டர் தம்பி, "ஊர் பேரு ரொம்ப நீளம்ணே, ஸ்பெல்லிங் தப்பாயிடும், திருச்சின்னு போட்டுடலாமா?" என்று கேட்டது. திருச்சி என்றால் ஏர்போர்ட் உள்ள ஊர், சொன்னால் நாலு பேருக்குத் தெரியும் என்று நானும் தலையாட்டினேன். படை நடத்தி வென்றவன் அந்த வெற்றியையே ஊருக்குப் பெயராக வைத்தான். ஆயிரம் வருடம் கழித்து அதே ஊரில் பிறந்தவன், ஸ்பெல்லிங்குக்குப் பயந்து அதை விட்டுக்கொடுத்தேன். அதிகாரி பாஸ்போர்ட்டில் உள்ளதையே எடுத்துக்கொண்டார். பெர்மிட் அட்டையில் பிறந்த ஊர் அச்சாகும். என்னுடையதில் திருச்சி.

அட்டையில் உயரமும் கண் நிறமும்கூட உண்டு. உயரம் கேட்டார். பெண் பார்க்கப் போனபோது சொன்ன அளவைச் சொன்னேன். அவர் எழுந்து நின்று என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, கொஞ்சம் குறைத்து எழுதிக்கொண்டார். கண் நிறம் கேட்டார். "கறுப்பு" என்றேன். அருகே குனிந்து பார்த்து, "பழுப்பு" என்று திருத்தினார். அதுவரை என் கண்ணை நானே சரியாகப் பார்த்ததில்லை.

இரண்டு ஆள்காட்டி விரலின் ரேகையும் எடுத்து, 100 யூரோ கட்டணமும் வாங்கிய பிறகுதான், வயிற்றைக் கலக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். டீக்கடைப் புண்ணியத்தில் முதல் நேரம் தவறியதால் விசா தேதி முடிந்துபோயிருந்தது. அட்டை வரும்வரை நான் யார்? அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார்: "விண்ணப்பம் விசா இருக்கும்போதே வந்துவிட்டது. உங்கள் மனைவி மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறார்." விசா காலாவதியாவதற்கு முன் விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய உரிமை அப்படியே தொடர்வதாகச் சட்டம் வைத்துக்கொள்கிறது. அதற்கு அத்தாட்சியாக ஒரு மடிப்புத் தாள் தருகிறார்கள். நான் 'பார்த்துக்கறேன்' என்று சொன்ன அன்றைக்கே அவள் அனுப்பிவிட்டாள் போலிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று. அட்டையை பெர்லினில் உள்ள கூட்டாட்சி அச்சகத்தில் தயாரிக்கிறார்கள். அதற்கான ரகசிய எண் தபாலில் தனியாக வரும். அந்தக் கடிதம் வந்தால் அட்டையும் தயார் என்று பொருள் என்றார்கள். காத்திருந்தேன், வரவே இல்லை. அங்கே கடிதத்தைச் சேர்ப்பது கதவு எண்ணை வைத்து அல்ல, தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரை வைத்துத்தான். அந்தப் பெயர் இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். வீடு அவள் பிடித்தது, ஆகவே பெட்டியில் என் மாமனார் பெயர் மட்டும் இருந்தது. 'எனக்கு யார் கடிதம் போடப்போகிறார்கள்' என்று நான் ஒட்டவில்லை. ஊரார் வாயில் விழாமல் தப்பித்த 'வீட்டோடு மாப்பிள்ளை' பட்டத்தை ஜெர்மன் தபால்காரரிடம் வாங்கினேன். அட்டை அலுவலகத்தில் எப்போதோ வந்து கிடந்தது. போய் வாங்கி வந்த அன்று அப்பா பெயரையும் சீட்டெழுதி ஒட்டினேன். இப்போது சம்பந்திகள் இருவரும் ஒரே பெட்டியில் இருக்கிறார்கள். இருவருக்கும் இது தெரியாது. யாரும் சொல்லிவிட வேண்டாம்.

அரியலூர், பெரம்பலூர்ப் பக்கமிருந்து குடும்ப விசாவில் புறப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். என் சிக்கல்களில் முக்கால்வாசி ஜெர்மனியில் உண்டானவை அல்ல, ஊரிலேயே முடிச்சுப் போட்டு எடுத்துப் போனவை. பாஸ்போர்ட் எடுக்கும்போதே பிறந்த ஊரை, எவ்வளவு நீளமாக இருந்தாலும், பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி எழுதுங்கள். இனிஷியலின் விரிவு கணவன் மனைவி இருவரின் பாஸ்போர்ட்டிலும் திருமணச் சான்றிதழிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். ஒரிஜினலைக் கையில் வைத்திருங்கள். போன அன்றே தபால் பெட்டியில் பெயரை ஒட்டுங்கள். மருவை எடுத்தாலும், உயரத்தைக் கூட்டினாலும், நேரத்துக்குப் போகாவிட்டாலும் சமாளித்துக்கொள்ளலாம். விசா முடிவதற்குள் விண்ணப்பம் போய்ச் சேராவிட்டால் மட்டும் சமாளிப்பது கஷ்டம். அதை உங்கள் வீட்டில் யார் ஒழுங்காகச் செய்வார்களோ அவர்களிடம் விட்டுவிடுங்கள்.