ஒழுகுவது எங்கே?

கேள்வி: பிரஷர் வாஷரில் ஹோஸ் மாட்டும் இடத்தில் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றி அலுத்துவிட்டது. என்னதான் செய்வது?

பதில்: தலைவலிக்குக் காலில் தைலம் தேய்த்த கதைதான். ஹோஸை மாட்டும் நட்டுக்குள் தட்டையான ரப்பர் வாஷர் ஒன்று இருக்கும். தண்ணீரைத் தடுப்பது மரை அல்ல, அந்த வாஷர்தான். அது விறைத்துத் தேய்ந்துவிட்டால் அரை ரோல் டேப் சுற்றினாலும் ஒழுகத்தான் செய்யும்.

'டக்'கென்று மாட்டும் கனெக்டராக இருந்தால், ஆளே வேறு: ஓ-ரிங். டென்மார்க்கில் பிறந்த நீல்ஸ் கிறிஸ்டென்சன் இதற்கு 1939-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். சின்ன வளையம்தானே என்று நினைக்க வேண்டாம். 1986-ல் சேலஞ்சர் விண்ணோடம் சிதறியதற்குக் குளிரில் விறைத்த ஓ-ரிங்கே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது.

பழைய வளையத்தைக் குச்சியால் நெம்பி எடுத்து, பள்ளத்தில் ஒட்டிய மணலைத் துடைத்து, புதியதில் துளி சிலிகான் கிரீஸ் தடவி மாட்டினால் போதும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் பிளாஸ்டிக் நட்டு விரிசல் விடும். கை இறுக்கமே சரி.

தண்ணீர் உள்ளே வரும் ஹோஸின் நுனியே வெடித்திருந்தால்? ஓர் அங்குலம் நேராக வெட்டி, வெந்நீரில் முக்கிச் செருகி, கிளாம்பை இறுக்க வேண்டும்.

நொடிக்கு ஒரு சொட்டு என்றால்கூட ஒரு நாளில் ஏறத்தாழ 4 லிட்டர் வீண். கடைக்குப் போகும்போது பழைய வளையத்தை மறக்காமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்; கண்ணளவு இங்கே உதவாது.