குமிழ்த்திரையின் நெய்தல்: ஒரு திணை ஆய்வு

பழைய ரிவி விளையாட்டுகளைத் தட்டைத்திரையில் ஆடுவோர், படக்குழாயின் தோற்றத்தை 'ஷேடர்' என்னும் மென்பொருளால் மீட்கின்றனர். அது கிடைவரிகளுக்கிடையே கருங்கோடு இடும்; சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளைத் தூவும்; விளிம்பை வளைக்கும். தேவை மெய்யே. 1991இல் வந்த 'சோனிக்' விளையாட்டின் அருவி தட்டைத்திரையில் வெறும் செங்குத்துக் கோடுகள். பழைய ரிவியிலோ கோடுகள் கலங்கிக் கலந்து நீராகும்.

ஆயினும் இம்முயற்சிகள் கண்ணாடியோடு நின்றுவிட்டன. ரிவி நின்ற நிலத்தை அவை காணவில்லை. இங்கு ஆயும் மன்னாரோ நெய்தல் நிலம். முதல், கரு, உரி மூன்றும் கூடாமல் மீட்பு நிறைவுறாது என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதற்பொருள்: நிலம், பேசாலை முதல் தலைமன்னார் வரை. பொழுது, பள்ளி விட்டபின் வரும் எற்பாடு.

கருப்பொருள்: பனை, கழுதை, உப்புக்காற்று, அன்ரனா. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடல். அப்பால் இராமேசுவரத்தில் 323 மீற்றர் உயரத் தூரதர்ஷன் கோபுரம். அன்று இரு கரையிலும் 625 வரிப் 'பால்' முறையே இருந்ததாகலின், அயல்நாட்டுப் படம் தடையின்றி வீட்டுக்குள் வந்தது. சோளகக் காற்று வீசினால் அன்ரனா திரும்பும், படம் புள்ளியாகும். சோளகத்தின் வலிமையை ஐயுறுவோர் மன்னார்த் தீவின் தென்கரையில் நிற்கும் தம்பபவனியின் 30 காற்றாலைகளைக் காண்க. கம்பத்தைப் பிடித்திருப்பவரை நோக்கி, "ஓம், வருது! கையை எடுக்காதேங்கோ!" என்று கூவுவதும் கருப்பொருளில் அடங்கும், மனித உடலும் அன்ரனாவின் உறுப்பே.

"விளையாட்டுக்கு அன்ரனா எதற்கு?" என மறுப்பார் உளர். அன்னார் ரிவியின் முதுகைப் பார்த்தறியார். அங்கே துளை ஒன்று. அன்ரனா வயரும் விளையாட்டுப் பெட்டியின் வயரும் அதற்கே போட்டியிடும். இங்குதான் உரிப்பொருள் பிறக்கிறது.

உரிப்பொருள்: இரங்கல். இறுதிக் கட்டத்தில் அம்மம்மா வருவார். "தம்பி, காணும் விளையாடினது. நாடகம் தொடங்கப்போகுது, வயரைக் கழற்று." வயர் மாறும். பெட்டி அணையாதாகலின் ஆட்டம் உள்ளே தொடரும். ஒலியும் அதே வயரில் வருவதால், தலைவன் மாளும் ஓசைகூட ஆடுபவன் காதில் விழாது. தலைவனின் முடிவறியாத இவ்விரக்கத்தை எந்த ஷேடரும் இன்றுவரை தரவில்லை.

முடிபு: ஷேடர் எழுதுவோர் வளைவு, வரி, புள்ளி என்ற அமைப்புகளோடு 'சோளகம்', 'அம்மம்மா' என்ற இரண்டையும் சேர்த்தல் வேண்டும். முன்னதைக் கூட்டலாம், குறைக்கலாம். பின்னதை அணைக்கும் வசதி வைத்தல் ஆகாது.