நேரா ரபேல்லயா கண்ணு?

ஏங்கண்ணு, விமானப்படையில சேர்ந்து நேரா ரபேல்ல ஏறி உக்காந்துருவேன்னு டீக்கடையில சொன்னியாமே? சந்தோசம். அதுக்கு முன்னாடி கிரண்னு ஒரு கிழட்டு விமானம் இருக்குது, அதைக் கும்புட்டுட்டுப் போ.

பெங்களூரு எச்.ஏ.எல். விமானக் கம்பெனியில கட்கேங்கிறவரு தலைமையில வரைஞ்சது. 1964 செப்டம்பர் 4-ஆம் தேதி சுரஞ்சன் தாஸ் மொதல்ல ஓட்டிப் பார்த்தாரு. நம்ம நாட்டுலயே வடிவமைச்சுச் செஞ்ச மொத ஜெட் பயிற்சி விமானம். பிலாட்டஸ், கிரண், ஹாக்னு படிப்படியா ஏறித்தான் பசங்க சண்டை விமானத்துக்குப் போனாங்க.

கிரண்ல சீட்டு ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல. முன்னப் பின்ன உக்காந்தா வாத்தியாருக்கு உன்ற பொடனிதான் தெரியும். பக்கத்துல இருந்தா கை எங்க போவுது, கண்ணு எங்க மேயுதுன்னு தெரியுமல்ல? சங்ககிரி லாரியில கிளீனரா ஏறி, டிரைவரு பக்கத்துல உக்காந்து பழகுனவன் பொறவு ஸ்டியரிங் புடிக்கிற மாதிரித்தான். உசரம் மட்டும் கொஞ்சம் சாஸ்தி.

ஓட்டத் தெரிஞ்சா பத்தாது கண்ணு, விழவும் தெரியோணும். ரெக்கையில காத்துப் புடிமானம் விட்டா விமானம் சுத்திக்கிட்டே எறங்கலாம். வேணுமின்னே அப்படி விழ வெச்சு, சுத்துற பக்கத்துக்கு எதிரா ரடர்ங்கிற வால் சுக்கானை மிதிச்சு மீட்கச் சொல்லிக் குடுப்பாங்க. நீ மல்லூர் வேகத்தடையில புல்லட்டோட சாஞ்சுட்டு ரோட்டைத் திட்டிட்டு வந்தவனாச்சே!

கிரணுக்கு ஓய்வு குடுக்க சிதாரான்னு ஒண்ணு 2003-ல பறந்துச்சு. சுத்தி விழுந்தா மீள்ற அந்தச் சங்கதியிலயே அது வருசக்கணக்கா மாட்டிக்கிச்சு. கிழவனே வேலை பார்த்தான். பெருசுகளை ஓரங்கட்ட உங்க வீட்டுல இருக்குற அவசரம் அங்க நடக்கல, பாத்துக்க.

சொல்லிக் குடுக்குற வாத்தியாரும் சும்மா வந்தவரில்ல. நல்லா ஓட்டுறவங்களைத் தாம்பரத்துல இருக்குற விமானப் பயிற்றுநர் பள்ளிக்கு அனுப்பி, சொல்லிக் குடுக்குறது எப்படின்னு தனியாப் படிக்க வெக்கிறாங்க. ஓட்டத் தெரிஞ்சவனே மறுக்கா படிக்கிறான். நீ யூடியூப் பார்த்தே முடிச்சுட்டே.

இதுக்கெல்லாம் மொதல்ல உள்ள நொழையோணுமே. பிளஸ் டூவுல கணக்கும் இயற்பியலும் இல்லாதவனை என்.டி.ஏ. வழியா விமானப்படைக்கு எடுக்க மாட்டாங்க. நீ எடுத்திருக்குறது என்ன குரூப்புன்னு சொல்லு பாக்கலாம்?