மாப்ளயோட ஜப்பான் கிழங்கு

வா மாப்ள, திண்ணையில உக்காரு. என்ன அது கூரியர் பொட்டலம்? ஐரிஸ் கிழங்கா! அதுவும் ஈரத்துல பூக்குற ஜப்பான் கலப்பு ரகமா! அடேயப்பா, விராலிமலையில நீலம்னா மயிலு மட்டுந்தான்னு இருந்துட்டோம்.

குறை சொல்லல. மட்சுதைரா சதாதோமோன்னு ஒரு சாமுராய் (1773–1856), விதை போட்டு, முளைச்சதுல நல்லதப் பொறுக்கின்னு ஆயுசையே இந்தப் பூவுல கழிச்சவரு. டோக்கியோ மெய்ஜி கோயில் தோட்டத்துல ஜூன் மாசம் போனா கண்ணு கொள்ளாதாம். ஆனா அதுக்குப் புளிப்பு மண்ணு வேணும், சுண்ணாம்பு ஆகாது. உன் வீட்டு போர் தண்ணி கொதிக்கிற பானைய உள்ள பாத்திருக்கியா? பொங்கலுக்கு வெள்ளையடிச்ச செவரு மாதிரி இருக்கும். அப்புறம் நல்ல குளிரு வேணும். மார்கழியிலயும் ஃபேன் போட்டுத் தூங்குறவன் நீ. பேசாம ஃப்ரிட்ஜுக்குள்ள நட்டுரு, உங்கம்மா மாவுச் சட்டிய வெளிய எடுத்து வச்சுக்கும்.

என்னது, லூசியானா ரகமா? அது வெக்கைக்கு அசராது, நெசந்தான். சதுப்புல ஒன்னோட ஒன்னு தானாவே கலந்துகிட்ட சாதி. 1920-கள்ல நியூயார்க் தாவரத் தோட்டத்து ஜான் ஸ்மால் போயிப் பாத்துட்டு, டஜன் கணக்குல புதுச் சாதின்னு பேரு வச்சாரு. பின்னால பாத்தா முக்கால்வாசி கலப்பு. படிச்சவுகளுக்கே அந்தக் கதி. அதுக்குச் சதுப்பு வேணுமே மாப்ள. நம்ம கொளம் கார்த்திகையில தளும்பும், பங்குனியில பாளம் பாளமா வெடிக்கும்.

வருசம் பூரா காயாத எடம் உன்கிட்ட ஒன்னே ஒன்னுதான். கொல்லையில பாத்திரம் கழுவுற தண்ணி போற எடம். அங்க என்ன நிக்குது? கல்வாழை. செவப்பும் மஞ்சளுமா, ஒரு பய திரும்பிப் பாக்காம.

ஒரு பூவப் பறிச்சுக் கிட்ட வச்சுப் பாரு. இதழுன்னு நெனைக்கிறியே, அது இதழே இல்ல, வேசங் கட்டுன கேசரம். நெசமான இதழு மூணும் அடியில ஒல்லியாப் பதுங்கிக் கெடக்கும். இதுவும் கலப்புதான். பூர்வீகம் அமெரிக்கா. 1840-கள்ல தியோடர் அன்னேன்னு ஒரு பிரெஞ்சுக்காரரு சாதி விட்டுச் சாதி சேத்து ஆரம்பிச்சு வச்சது. வெளிநாட்டு மோகத்துக்கு இது போதாதா உனக்கு? மலை மேல ஆண்டவருக்குச் சுருட்டு படைக்கிறோமே, அந்தப் பொகையிலையும் அமெரிக்காச் சரக்குதான். அவரே வாங்கிக்கிட்டாரு, உனக்கென்ன?

கல்வாழைக் கிழங்க முளையோட வெட்டி, ஒரு மொழம் தள்ளித் தள்ளி நடு. சோப்புத் தண்ணியக் குடிச்சுட்டுப் பூக்கும், கொசுவுக்குத் தேக்கம் மிஞ்சாது. பூத்து முடிஞ்ச தண்ட அடியோட அறு, பக்கக் கன்னு கெளம்பும்.

அந்தப் பொட்டலத்தப் பிரிக்காத. தங்கச்சிய குன்னூர்லதான கட்டிக்குடுத்திருக்கு? அனுப்பி விடு. பூத்தா போட்டோ புடிச்சு அனுப்புவா. நீயும் படத்தப் பாத்துத்தான மாப்ள மயங்குன?