இத்தாலி மிஷினும் எங்க தெரு போர் தண்ணியும்

வா மாப்ள, வா. திண்ணையில உக்காரு. அந்த மஞ்சப் பைய மெதுவா எறக்கி வை. என்னா அது, மூணா? மூணும் பூட்டுதா? ஆனியில கடை தொறந்த, இப்பத்தான் ஐப்பசி பொறந்திருக்கு. உங்க அத்தை வச்சிருக்கிற தோசக்கல்லு எங்க கல்யாணத்துக்கு வந்தது, இன்னமும் ஓடுது. உன் காப்பி மிஷினுக்கு நீ வாங்குற ஹீட்டரு மட்டும் மாசத்துக்கு ஒண்ணு மண்டையப் போடுது. படிச்ச புள்ள, நீ பண்றதுல ஒரு காரணம் இருக்கும்னு நானும் வாயத் தொறக்காமத்தான் இருந்தேன்.

ஜங்ஷன் பக்கம் ‘எஸ்பிரஸோ’ன்னு நீ போர்டு மாட்டுன அன்னிக்கே நம்ம தெரு கெழவனுவ கேட்டானுவ, எந்த எக்ஸ்பிரஸ்ஸு, எந்த பிளாட்பாரம், நின்னு போவுமான்னு. அவனுவளச் சொல்லிக் குத்தமில்ல. நமக்குத் தெரிஞ்ச எஸ்பிரஸோ கல்யாண மண்டபத்து எஸ்பிரஸோதான். பாலுல காப்பித்தூளப் போட்டு, ஆவிக் குழாய உள்ள வுட்டு, ‘புஸ்ஸ்’ஸுன்னு நொரைய ஏத்தி, மேல ஒரு சிட்டிகைத் தூளு தூவித் தருவான். எஸ்பிரஸோன்னா அழுத்திப் புழிஞ்சு எடுத்ததுன்னு அர்த்தமாம். மண்டபத்துல புழியிறது மொய் எழுத வந்தவன மட்டுந்தான்.

அசல் கதையத்தான் நீ உன் கடைச் சுவத்துல படம் போட்டு எழுதி வச்சிருக்கியே. 1901ல மிலான் ஊருக்காரரு பெஸ்ஸெரா ஆவியால தண்ணிய அழுத்திக் காப்பி எறக்குற மிஷினுக்குக் காப்புரிமை வாங்கினாரு. 1940கள் முடியிற சமயத்துல காஜ்ஜியா வந்து ஸ்பிரிங்கும் நெம்புகோலும் போட்டு, ஆவிய ஒதுக்கிட்டு, சுடுதண்ணியவே அழுத்துனாரு. இப்போ 9 பார் அழுத்தம், 90 டிகிரிக்குக் கொஞ்சம் மேல சூடு. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்த இத்தாலிக்காரன் யாரும் விருத்தாசலத்து போர் தண்ணியக் குடிச்சதில்லங்கறத மட்டும் எழுதாம வுட்டுட்ட.

சரி, மொதப் பொணத்த எடு. பிரேதப் பரிசோதனை பண்ணிப் பாத்துடுவோம். ஹேக்சா பிளேடு அந்த மாடத்துல இருக்கு, கொண்டா.

தோ பாரு, குறுக்கால அறுத்துட்டேன். வெளியில இருக்கிறது செம்புக் குழா. நட்ட நடுவுல சுருட்டி வச்சிருக்கே, அதான் நிக்ரோம் கம்பி. 80 பங்கு நிக்கல், 20 பங்கு குரோமியம். 1906ல அமெரிக்காவுல மார்ஷுங்கறவரு காப்புரிமை வாங்குன கலவை. செவக்கச் செவக்க எரிஞ்சாலும் துரு ஏறித் தின்னாது. கம்பிக்கும் குழாய்க்கும் நடுவுல வெள்ளையாக் கொட்டுது பாரு மாவு, இது யாருன்னு தெரியுதா? தெரியாது. இது நம்ம பேட்டைக்குச் சொந்தக்காரன். மக்னீசியம் ஆக்ஸைடு. நெய்வேலிக் களிமண்ணுல நாம பண்ற பீங்கானுக்குப் பெரியப்பா மவன்னு வச்சிக்க. சூட்டக் கடத்துவான், கரண்ட்டக் கடத்த மாட்டான். 2,800 டிகிரிக்கு மேல போனாத்தான் உருகுவான். குழா முனையில வெள்ளையா ஒரு மணி கோத்திருக்கே, அது நம்ம பீங்கானேதான். செராமிக் காலேஜு சொவத்துக்கு அந்தாண்ட நின்னு சைட் அடிச்சதுக்கு, ஒரு நாளு உள்ள போயிருந்தா இதெல்லாம் உனக்கே தெரிஞ்சிருக்கும்.

இப்ப வெளிப்பக்கம் பாரு. நகத்தால சொரண்டு. ரெண்டு நூலு கனத்துக்கு உப்பு. கம்பி எரியுது, மாவு சூட்டக் குழாய்க்குக் குடுக்குது, குழா தண்ணிக்குக் குடுக்கணும். நடுவுல உப்பு ஜமுக்காளத்தப் போத்திக்கிட்டுப் படுத்திருக்கு. செம்பு கடத்துற சூட்டுல நூத்துல ஒரு பங்கு கூட இந்தச் சுண்ணாம்பு கடத்தாது. உள்ள இருக்கிற சூடு எங்க போவும்? உள்ளயே கெடந்து வெந்து, கம்பி அறுந்துது. கரண்ட்டு ஆபீஸு மேல பழியப் போட்டியே, அவங்க பாட்டுக்குச் சும்மா இருந்தாங்க.

இன்னொண்ணு சொல்றேன், மரக்காணத்து உப்பளத்த நெனச்சிக்க. வெயிலுல தண்ணி போயிடும், உப்பு நின்னுடும். உன் ஆவி பாய்லரும் அதான். நீ நாள் பூராவும் பாலுக்கு ஆவி எடுக்குற. போறது ஆவி மட்டுந்தான், கொண்டாந்த உப்பெல்லாம் பாய்லருலயே குடித்தனம். தெனம் ராத்திரி கடை சாத்துறப்ப சுடுதண்ணிக் குழாயத் தொறந்து ரெண்டு மூணு லிட்டரு வடிச்சு வுடு. புதுத் தண்ணி ஏறட்டும். இதுக்குக் காசா, பணமா? சோம்பேறித்தனத்தத்தான் செலவு பண்ணணும்.

ரெண்டாவது பொணம். இதுக்கு வயசு ஒரு நாளு. ‘ஆன்லைன்ல பாதி வெலைக்குக் கெடச்சுது மாமா’ன்னு பல்ல இளிச்சிக்கிட்டு வந்தியே. அதுல பொடி எழுத்துல என்னா போட்டிருக்கு? 120 வோல்ட், 1,500 வாட். நம்ம ஊட்டுல வர்றது 230. ரெட்டிப்பு வோல்ட்டு, ரெட்டிப்புச் சூடுன்னு கணக்குப் போட்ட. அது அப்புடி இல்லடா மாப்ள, வோல்ட்டு ரெட்டிச்சா சூடு நாலு மடங்கு. 230க்கு மூணரை மடங்குக்கு மேல, 5,500 வாட்டு. பாவம் எம்.சி.பி. ரெண்டு தடவ வுழுந்து ‘வேணாம்டா’ன்னு கும்புட்டுது. நீ விடாம மூணாந் தடவயும் தூக்கி வுட்ட. ‘டப்’. தெருவே திரும்பிப் பாத்துது, நான் மட்டும் பேப்பரப் படிக்கிற மாதிரி உக்காந்திருந்தேன்.

மூணாவதுக்கு வருவோம். இதுலதான் உன் புத்திசாலித்தனம் முழுசாத் தெரியுது. சீக்கிரம் சூடாவணும்னு 1,500 இருந்த எடத்துல 2,500 வாட்டு வாங்குன. மொதல்ல செத்தது ஹீட்டரு இல்ல, பிளக்கு. 1,500க்கு ஆறரை ஆம்பியரு, 2,500க்குப் பதினொண்ணு. மிக்சி மாட்டுற சின்ன சாக்கெட்டுல அதச் செருகுன. கன்னுக்குட்டி மேல நெல்லு மூட்டையா? 16 ஆம்பியரு சாக்கெட்டு வேணும், ஒயரும் அதுக்கேத்த கனம் வேணும்.

குழாயோட நீளத்தப் பாத்தியா? எட்டு மில்லி கனம், ஒரு மீட்டரு நீளம்னா மேல்தோலு சுமாரு 250 சதுர சென்டிமீட்டரு. 1,500 வாட்டுன்னா ஒரு சதுர சென்டிமீட்டரு தலையில 6 வாட்டு பாரம். அதே நீளத்துல 2,500ன்னா 10. உப்புத் தண்ணியில பாரம் ஏற ஏற, காறையும் சீக்கிரம் ஏறும், ஆயுசும் சீக்கிரம் எறங்கும். கடையில ஒரே வாட்டுல குட்டையா ஒண்ணு, நீளமா ஒண்ணு குடுத்தான்னா, பாய்லருச் சுவத்துல ஒரசாத வரைக்கும் நீளமானதையே வாங்கு. சூளையிலயும் இதான். அவசரப்பட்டுத் தீய ஏத்துனவன் விரிசல் விட்ட அகல் வெளக்கத்தான் எண்ணுவான்.

மெய்யாலும் இத வாங்குறதுக்கு முன்னாடி கையில பழச எடுத்துக்கிட்டுப் போயிருக்கணும். வோல்ட்டு, வாட்டு, திருகா போல்ட்டா, போல்ட்டுன்னா ஓட்டைக்கும் ஓட்டைக்கும் எம்மாம் தூரம், சூட்டு சென்சாரு நுழையிற சின்னக் குழா இருக்கா இல்லயா, அம்புட்டுதான். எழுத்து அழிஞ்சிருந்தா மீட்டரு வச்சுப் பாரு. 230 வோல்ட்டு, 1,500 வாட்டுன்னா ஆறிக் கெடக்கையில 35 ஓம்ஸ் பக்கம் காட்டணும். காட்டாம முள்ளு ஆடாமலே கெடந்தா உள்ள கம்பி அறுந்துடுச்சு.

ஆனா பாரு, இந்த மூணாவது செத்தது வாட்டாலயும் இல்ல. மேல்பாதி மட்டும் நீலம் பூத்து, வயிறு உப்பி, கீழ்ப்பாதி பளபளன்னு கெடக்கு. தண்ணிக்கு மேல தலையத் தூக்கிக்கிட்டு எரிஞ்சிருக்கு. பாய்லருல தண்ணி இருக்கா இல்லயான்னு பாக்க ஒரு ஊசி தொங்குமே, அதக் கழட்டிப் பாத்தியா? தண்ணி தொட்டா கரண்ட்டு ஓடும், ‘நெறஞ்சிடுச்சு’ன்னு சொல்லும். ஊசி தலையில ஈர உப்பு சேந்து மேல்மூடியத் தொட்டுக்கிட்டா, தண்ணியே இல்லன்னாலும் ‘நெறஞ்சிடுச்சு, நெறஞ்சிடுச்சு’ன்னு சொல்லிக்கிட்டுக் கெடக்கும். பசிச்ச புள்ளய ‘சாப்ட்டாச்சு’ன்னு பொய் சொல்லித் தூங்க வைக்கிற சித்தி மாதிரி.

‘அப்ப ஆர்.ஓ. தண்ணியே ஊத்திடுறேன் மாமா’ங்கற. அங்கயும் ஒரு குழி இருக்கு. உப்பே இல்லாத தண்ணியில கரண்ட்டு ஓடாது. ஊசி தண்ணிக்குள்ள முழுவி நின்னுக்கிட்டே ‘ஒண்ணியும் இல்ல, ஊத்து ஊத்து’ங்கும். ஆவிக் குழாயில தண்ணி வடியும். சுத்தமான தண்ணி பாய்லரு ஒலோகத்தையும் அரிக்கும், காப்பியும் சப்புன்னு இருக்கும். காப்பிக்காரனுவ கணக்குல ஒரு லிட்டருக்கு 150 மில்லிகிராம் பக்கம் உப்பு கரைஞ்சிருந்தா நல்லது. ஆர்.ஓ.வுல கொஞ்சம் நல்ல தண்ணியக் கலந்து, டி.டி.எஸ். மீட்டரு வச்சுப் பாத்து ஊத்து. வெறும் போரு ஊத்துனா உப்புமாக்கு உப்பு போடவே வேணாம்.

ஹீட்டருல படிஞ்ச உப்ப எடுக்கணும்னா லெமன் சால்ட்டு போதும். லிட்டருக்கு ரெண்டு மூணு டீஸ்பூனு, வெதுவெதுன்னு சூடு. ஹீட்டரக் கழட்டி, முனையும் பீங்கான் மணியும் நனையாம குழாய மட்டும் முக்கி வை. நொர நொரன்னு பொங்கி அடங்குனதும் கழுவிடு. பாய்லருக்குள்ளயே ஊத்துறதுன்னா அலசி அலசி நாலு தடவ வடிச்சு வுடு, அலுமினிய பாய்லருன்னா கையே வைக்காத. ஒன் சினேகிதன் பாத்ரூம் ஆசிட்ட ஊத்தச் சொன்னானாமே? அவன் ஊட்டுக் கொடத்துல ஊத்திப் பாக்கச் சொல்லு. ஸ்க்ரூ டிரைவரு வச்சுக் கொத்துறதும் வேணாம். குழா ஓட்டையாவும், மாவு நனையும்.

மாவு நனையிறதுன்னதும் ஞாபகம் வருது. நாலாவது வாங்கியிருக்கியே, அது எங்க வச்சிருக்க? ரெண்டு வாரமா கடை மாடத்துல, இந்த அடைமழையில? பலே.

ஒரு கத சொல்றேன். முப்பது வருஷம் சூளைக்கு முன்னால நின்னவன் நான். கை சுட்டதுல கத்துக்கிட்டது ஒண்ணுதான்: ஈரம் காயாததத் தீயில வைக்காத. அடைமழையில ஒரு தபா முதலாளி அவசரப்படுத்தினாருன்னு பாதி காஞ்ச பொம்மைங்கள உள்ள அடுக்குனோம். கொலு ஆர்டரு. ராத்திரி பட்டாசு மாதிரி பட்பட்டுன்னு சத்தம். காத்தால தொறந்தா கிருஷ்ணருக்குத் தல இல்ல, யசோதைக்கு இடுப்பு இல்ல. தண்ணி ஆவியாயி வெளிய வர வழி தேடி ஒடச்சிக்கிட்டு வந்திருக்கு.

இந்த மாவும் அதே குணம். காத்துல இருக்கிற ஈரத்த முனை வழியா மெல்ல மெல்ல உறிஞ்சும். ஈரமாயிட்டா கரண்ட்ட லேசா ஒழுக வுடும். 30 மில்லி ஆம்பியரு ஒழுகுறதுக்குள்ள ஈ.எல்.சி.பி. கீழ வுழுந்துடும். உடனே உன் எலக்ட்ரீசியன் ‘அந்த எர்த்து ஒயரப் பிச்சி வுடு, டிரிப்பாவாது’ம்பான். டிரிப்பாவாதுதான். பாய்லரத் தொட்ட நீதான் அடுத்த டிரிப்பு. எர்த்துல கைய வைக்காத.

அதுக்குப் பதிலா, பேக்கரிக்காரன் சினேகிதனாச்சே உனக்கு, அடுப்பு அணைஞ்சப்புறம் இருக்கிற சூட்டுல, 110, 120 டிகிரியில, ஒரு மூணு நாலு மணி நேரம் ஹீட்டர வச்சு எடு. முனையில ரப்பரு, பிளாஸ்டிக்கு எதுனா இருந்தா அது தாங்குற சூடு பாத்துக்க. ஆறுனதும் எலக்ட்ரீசியனக் கூப்ட்டு, கரண்ட்டு ஒழுகுதான்னு பாக்குற 500 வோல்ட்டு மெக்கரு மீட்டர வச்சு, கம்பிக்கும் குழாய்க்கும் நடுவுல பாரு. ஒரு மெகா ஓமுக்கு மேல காட்டுனா மாட்டு. அவன் கிட்ட மெக்கரு இல்லன்னா அவன் எலக்ட்ரீசியன் இல்ல, பல்பு மாட்டுறவன்.

மாட்டுறப்ப பிளக்கப் புடுங்கு, ஆவிய வுடு, ஆறட்டும், தண்ணிய வடி. கேஸ்கெட்டு புதுசு போடு, பழசத் திருப்பிப் போட்டு முப்பது ரூவா மிச்சம் புடிக்காத. போல்ட்ட எதிரெதிரா கொஞ்சங் கொஞ்சமா முறுக்கு. ஒயரு முனை லக்கு லூசா இருந்தா அங்கயே கருகும். மொதல்ல பாய்லருல தண்ணி ஏத்து, அப்புறந்தான் சுவிட்சு. அவ்ளோதான்.

ஏன் உள்ளேருந்து சிரிப்புச் சத்தம் வருது? உங்க அத்தைதான். நான் ஹீட்டருக்கு வாத்தியாராயிட்டேன்னு அவளுக்குத் தாங்கல. சரி, அவ சொல்றதுக்குள்ள நானே சொல்லிடுறேன். பத்து வருஷத்துக்கு முந்தி மார்கழியில, குளிக்க ஹீட்டரு ராடு போட்டேன். சுவிட்சப் போட்டுட்டு, வாளியில தண்ணி இருக்கும்னு நம்பிக்கிட்டு, பேப்பரு படிக்க உக்காந்துட்டேன். இருந்துது, அடியில ஒரு சொம்பு. ராடு செவந்து, பிளாஸ்டிக்கு வாளி உருகி, ரெண்டும் கட்டிப் புடிச்சிக்கிட்டுக் கெடந்துது. இப்பவும் அத எடுத்து வச்சிருக்கா, கொல்லையில முருங்கைக்கு அண்டக் குடுத்து.

நாளைக்குக் காலையில மாட்டிட்டு மொதக் காப்பி எனக்கு அனுப்பு, சக்கர போடாம. காசா? மூணு பிரேதத்த அறுத்தேனே, அதுல கழிச்சிக்க.